வளைகாப்பு யார் வீட்டில்? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நிறைய வளைகாப்பைப் பற்றித்தான். அதனால் மாமியார் சண்டை, வாடகை வீட்டுச் சண்டை எல்லாம் அடுத்த மாதத்துக்கு.

*என் மகளுக்கு ஏழாவது மாதம் பிறக்கப்போகிறது. அவளும் மாப்பிள்ளையும் கோலாலம்பூரில் கொண்டோ அடுக்குமாடியில் இருக்கிறார்கள். நாங்கள் செந்தூல், சம்பந்தி வீடு பினாங்கில் ஆயர் ஈத்தாம். முதல் பேரப்பிள்ளை என்பதால் பினாங்கில் மண்டபம் எடுத்து 300 பேரைக் கூப்பிட்டுச் செய்யவேண்டும் என்கிறார்கள். மகளோ 30 பேர் போதும், வீட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். பெண்ணைப் பெற்றவள் நான், எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.*
*ஒரு அம்மா, செந்தூல்*

அம்மா, சம்பந்தி சொன்னது இருக்கிறது, மகள் சொன்னது இருக்கிறது, டாக்டர் சொன்னது மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. அதைக் கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர், நெடுஞ்சாலை காலியாக இருந்தாலே நாலு மணி நேரத்துக்குக் குறையாது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தால் ஈப்போவிலும் தாப்பாவிலும் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டர் போகலாம் என்று சொன்னால் இடிஎஸ் மின்சார ரயில் மேல். பினாங்கு தீவுக்கு இக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரைக்கும் அதுவும் நாலு மணி நேரத்துக்குப் பக்கம்தான், ஆனால் எழுந்து நடக்கலாம், கழிவறை பக்கத்திலேயே இருக்கும். பட்டர்வொர்த்தில் கார் வரவேண்டும், பாலத்தில் சுற்றித்தான் போகவேண்டும். இப்போதைய ஃபெரியில் ஆளும் மோட்டார்சைக்கிளும்தான் ஏறலாம், கார் ஏறாது.

சரி, பயணம் ஒரு பக்கம். 300 பேர் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் பாதி பெண்கள் என்றால் 150 பேர். ஒவ்வொருவரும் மேடையேறி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, வளையல் போட்டு, அட்சதை தூவி, போட்டோவுக்குத் திரும்பி நிற்க ஒரு நிமிடம் என்று வைத்தாலும் இரண்டரை மணி நேரம். ஏழு மாத வயிற்றோடு பட்டுப்புடவையில், முழங்கை வரைக்கும் சந்தனம் காய்ந்து இழுத்துக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை இரண்டரை மணி நேரம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கவேண்டும். அதுவும் எதில்? அலங்காரக்காரர்கள் கொண்டுவரும் தங்கக் கலர் சிம்மாசனத்தில். பார்க்க அழகுதான், ஆனால் சாய்ந்தால் முதுகு எட்டாது, எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்கவேண்டும். எங்கே வைத்தாலும் சரி, கைப்பிடி வைத்த சாதாரண சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைப் பட்டுத்துணி போர்த்தி வையுங்கள், காலுக்கு ஒரு முக்காலி, பக்கத்தில் ஒரு மேசை விசிறி. நடுவில் அவள் எழுந்து போய்வர இடைவெளி விடுங்கள், அந்த நேரத்தில் யாராவது பாடட்டும்.

சம்பந்தியிடம் நீங்கள் பேசவே வேண்டாம், மாப்பிள்ளை பேசட்டும். "அம்மா, டாக்டர் தூரப் பயணம் வேண்டாங்கிறார், நீங்க வந்து முதல் வளையலைப் போடுங்க, பிள்ளை பிறந்ததும் பேர் வைக்கிறதைப் பினாங்கில நம்ம ஆசைப்படி பெரிசா வச்சுக்கலாம்" என்று மகன் சொன்னால் அதில் பாதிக் கோபம் இறங்கிவிடும். (டாக்டர் நிஜமாகவே அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும். பொய் சொல்லிச் சமாளித்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.) மீதிக் கோபம் அழைப்பிதழில் அவர்கள் பெயரை முதலில் போட்டால் இறங்கும். இதெல்லாம் சின்ன விஷயம் என்று நாம் நினைக்கிறோம், அவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

யார் செலவு என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சில வீடுகளில் மாப்பிள்ளை வீட்டில் செய்து பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவார்கள், சில வீடுகளில் பிறந்த வீட்டார் சீர் கொண்டுபோய்ச் செய்வார்கள், இரண்டும் வழக்கம்தான். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் இருந்த காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களே ஆளுக்கொரு சாதம் கிண்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், மண்டபமாவது சிம்மாசனமாவது. 30 பேருக்கு அதை இப்போதும் செய்யலாம். கொண்டோவின் பொது ஹாலை எடுப்பதாக இருந்தால் நிர்வாக அலுவலகத்தில் முன்கூட்டியே பதிந்து, விருந்தினர் கார் எத்தனை வரும் என்று பாதுகாவலரிடம் ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்கள். நாதஸ்வரம் வைக்கலாமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

*எனக்கு ஆறு மாதம். அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. அம்மாவும் அக்காவும் வளையல் போடக்கூடாது, தள்ளி நிற்கட்டும் என்று என் கணவரின் அத்தை சொல்லிவிட்டார். அம்மா "பரவாயில்லம்மா" என்கிறார். எனக்குத்தான் மனது கேட்கவில்லை.*
*பெயர் வேண்டாம், பத்துமலை*

தங்கச்சி, வளையல் ஏறப்போவது உன் கையில். அதில் யார் போடவேண்டும் என்று நீ சொல்லலாம். உன்னை வயிற்றில் சுமந்தவர் தள்ளி நின்று பார்க்க, எங்கிருந்தோ வந்தவர்கள் வரிசையில் வந்து ஆசீர்வாதம் பண்ணுவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவே இல்லை. முதல் வளையலை அம்மா போடட்டும். ஆனால் இதை மேடையில் வைத்து முடிவுபண்ணாதே, அங்கே எல்லோர் முன்னாலும் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அம்மாவால் தாங்கமுடியாது. ஒரு வாரம் முன்னாலேயே கணவரை உட்காரவைத்துச் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து அத்தையிடம், "அத்தை, அம்மா கையால போட்டாத்தான் எனக்கு நிம்மதி, நீங்களும் பக்கத்திலயே நில்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். சாஸ்திரம் பேச ஆரம்பித்தால் விவாதம் வேண்டாம், அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்.

அக்கா விஷயம் வேறு, அதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணைக் கர்ப்பிணிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து வளையல் போட்டு அனுப்பும் வழக்கம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது, அடுத்தது அவளுக்கு என்று வாழ்த்துவதற்காக. அத்தைக்கு அதைச் சொன்னாலே அவர் வாயடைத்துப் போவார். ஆனால் அக்காவுக்கு அது பிடிக்குமா? எல்லோரும் பார்க்க உட்காரவைத்து, "அடுத்த வருஷம் உனக்குத்தான்டி" என்று நாற்பது பேர் சொல்லக் கேட்பது சிலருக்கு ஆறுதல், சிலருக்கு நரகம். தனியாகப் போய்க் கேள். வரிசையில் நிற்கிறேன் என்றால் நிற்கட்டும், சமையலைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் விட்டுவிடு, வரவில்லை என்றாலும் கோபித்துக்கொள்ளாதே. அதற்கு முந்தின நாள் ராத்திரி நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அவள் உனக்கு ஒரு ஜோடி போட்டுவிடலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

*எனக்குக் கர்ப்பகால இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். வளைகாப்பில் ஏழு வகை சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் உண்டு. சாப்பிடாவிட்டால் அபசகுனம் என்கிறார்கள்.*
*கெப்போங்*

அந்த 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீரைக் குமட்டிக்கொண்டே குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, இரத்தம் கொடுத்துத் தெரிந்துகொண்ட விஷயத்தை அபசகுனம் என்ற ஒரு வார்த்தைக்காக விட்டுவிடுவீர்களா? புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று பெயர்தான் மாறுகிறது, உள்ளே எல்லாமே வெள்ளைச் சோறு. ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரே சின்னத் தட்டில் வைத்தால் ஏழும் ஆயிற்று, சாஸ்திரமும் ஆயிற்று. அதோடு சுண்டல், கீரை, பால்கட்டி (பனீர்), காய்கறி என்று உங்களுக்கென்று கொஞ்சம் கூடுதலாகச் செய்யச் சொல்லுங்கள். பொங்கலை நாக்கில் வைத்துவிட்டு விடுங்கள். இதைவிடப் பெரிய தொல்லை, வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வாய் லட்டு ஊட்டுவது. ஊட்டும் தட்டை மேடையிலேயே வைக்காதீர்கள், பூவும் அட்சதையும் மட்டும் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் சாப்பாட்டு நேரத்தை நல்ல நேரத்துக்காகத் தள்ளிப்போடவே கூடாது. எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அடுத்த செக்கப்பில் நர்ஸிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

*கண்ணாடி வளையல் எந்த அளவு வாங்குவது? என்னுடையது 2.4.*
*பாயான் லெபாஸ்*

2.6 வாங்குங்கள், கை வீங்கியிருந்தால் 2.8. புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு, அதனால் ஒரு அளவு கூடினாலே நல்ல வித்தியாசம் தெரியும். நேராக ஜார்ஜ் டவுன் லெபோ பாசார் கடைத்தெருப் பக்கம் போய்க் கையில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள், மதியத்துக்கு மேல் போனால் நல்லது, காலையில் இல்லாத வீக்கம் அப்போது தெரியும். நெருக்கிப்பிடித்து ஏற்றினால் போடும்போதே உடையும், உடனே கூட்டத்தில் ஒரு கிழவி "ஐயோ" என்பார். அது கண்ணாடி, உடையத்தான் செய்யும், கையில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிரசவத்துக்குப் போகும்போது வளையல் இருந்தால் கழற்றச் சொல்வார்கள், அறுவை என்றால் கட்டாயம், அதனால் சுலபமாகக் கழலும் அளவு எல்லாவிதத்திலும் நல்லது. ஒன்று மட்டும் கவனம்: கையும் முகமும் திடீரென்று வீங்கி, கூடவே விடாத தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் வளையல் கடைக்குப் போகவேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

*என் கணவர் சீனர். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் விருந்து வைப்பது நல்லதல்ல என்று மாமியார் பயப்படுகிறார். எனக்கு வளைகாப்பு ஆசை.*
*ஜெலுத்தோங்*

பயத்தைக் கேலி பண்ணாதே, நம் வீடுகளிலும் பிறக்கும்முன் தொட்டில் வாங்காதே, புதுத்துணி வாங்காதே என்ற பாட்டிகள் இருந்தார்கள், இருக்கிறார்கள். மாமியார் மனதில் இருப்பது பேபி ஷவர்: பலூன், டயாப்பர் கேக், குழந்தைத் துணி. வளைகாப்பில் குழந்தைக்கென்று ஒரு பொருளும் வாங்குவதில்லை, எல்லாமே தாய்க்கு என்று கணவர் விளக்கிச் சொல்லட்டும். மலாய்க்காரர்களிடமும் ஏழாவது மாதத்தில் முதல் கர்ப்பத்துக்கு மெலெங்காங் பெருட் என்று ஒரு சடங்கு உண்டு, பினாங்கில் இருக்கிறவருக்கு அது காதில் விழாமல் இருந்திருக்காது. மாமியாருடைய கொண்டாட்டம் குழந்தைக்கு ஒரு மாதம் நிறையும்போது வரும், சிவப்பு முட்டை, ஆங் கூ என்ற சிவப்புப் பலகாரம், மஞ்சள் புளுட் (பசையரிசி) சோறு, கோழிக்கறி என்று. அதை அவர் இஷ்டப்படி செய்ய விட்டுவிடுகிறேன் என்று இப்போதே சொல்லிவிடு. வளைகாப்பை வீட்டுக்குள் பத்துப் பேரோடு வைத்துக்கொள், போட்டோவை முகநூலில் போடாதே. மனமிருந்தால் அவரும் ஒரு வளையல் போடட்டும், கட்டாயப்படுத்தாதே.

*ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் 4.30 முதல் 6 வரை. மதியம் 3 மணிக்கு ஆரம்பித்தால் முடிந்துவிடுமா?*
*பிரிக்பீல்ட்ஸ்*

அந்த 4.30 காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. இங்கே ஏழு மணி வாக்கில்தான் உதிக்கிறது, நம் கடிகாரத்தை 1982இல் அரை மணி நேரம் முன்னால் தள்ளியும் வைத்தார்கள். பகலை எட்டாகப் பிரித்துக் கடைசிப் பங்கை எடுத்தால் கோலாலம்பூரில் ஞாயிறு ராகு காலம் ஏறக்குறைய 5.30க்கும் 6க்கும் இடையில்தான் தொடங்கும். கைப்பேசியில் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் ஊரை மாற்றிவைத்துவிட்டுப் பாருங்கள். உள்ளூர்க் கோயில் குருக்களைக் கேட்டால் அந்தச் சந்தேகமும் போயிற்று. ஆனால் 3 மணி வேண்டாம், அது வெயிலும் தூக்கமும் சேரும் நேரம். காலை பத்து மணிக்கு வைத்து மதியச் சாப்பாட்டோடு முடியுங்கள்.

*இரண்டாவது பிள்ளைக்கும் வளைகாப்பு செய்யலாமா?*
*செராஸ்*

முதல் பிள்ளைக்கு மட்டும் என்பதுதான் வழக்கம். ஆசையாக இருந்தால் செய்துகொள்ளுங்கள், யாரும் போலீசில் பிடித்துக் கொடுக்கப்போவதில்லை.

*அலுவலகத்தில் மலாய்த் தோழிகள் வருகிறார்கள். சைவம்தானே, பிரச்சினை இல்லையே?*
*பெட்டாலிங் ஜெயா*

சைவம் என்பதால் மட்டும் அவர்களுக்கு நிம்மதி வந்துவிடாது, எந்தச் சமையலறை, எந்தப் பாத்திரம் என்பதும் இருக்கிறது. ஹலால் சான்றிதழ் உள்ள கேட்டரிங்கில் எடுத்து, அதை அவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வாழை இலை போட்டால் தட்டுக் கவலையும் இல்லை. நோன்பு மாதமா என்று நாட்காட்டியைப் பாருங்கள்.

*வளைகாப்புக்கு நான் லீவு எடுக்கவேண்டும். தந்தைமார் விடுப்பில் ஒரு நாள் எடுக்கலாமா? அங்கே எனக்கு என்ன வேலை?*
*ஒரு கணவர், சுங்கை பூலோ*

எடுக்கமுடியாது தம்பி. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டத்தில் தந்தைக்கு 7 நாள் தொடர்ச்சியான விடுப்பு உண்டு, ஆனால் அது பிரசவத்துக்கு. வளைகாப்புக்கு ஆண்டு விடுப்பில் ஒரு நாள் போடு, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வை. அந்த 7 நாளுக்கு நீ அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்கவேண்டும், பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்னாலேயே தெரிவிக்கவேண்டும், முடியாமல் போனால் பிறந்தவுடன் சீக்கிரம் சொல்லிவிடவேண்டும். உன் மனைவிக்குப் பிரசவ விடுப்பு 98 நாள், வேலைக்குப் போகிறவர் என்றால் அவரும் தன் அலுவலகத்தில் இப்போதே பேசிவைக்கட்டும்.

அங்கே உன் வேலையா? கிளினிக்கில் கொடுத்த செக்கப் புத்தகம் மனைவி கைப்பையில் இருக்கிறதா பார், காரை வெளியே எடுக்கமுடியாதபடி யாரும் மறித்து நிறுத்தாமல் பார், வரிசை நீண்டால் மைக்கைப் பிடித்து "சாப்பாடு ரெடி" என்று சொல்.