மோட்டார் உர்ருங்குது, வீடியோ மட்டும் ஓடிட்டே இருக்கு

நீடாமங்கலம் பக்கத்துலேர்ந்து ஒரு வாசகி கேட்டுருக்காங்க: "வீட்டுல தண்ணி ஏத்துற ஒரு எச்பி மோனோபிளாக் மோட்டார், பம்பும் மோட்டாரும் ஒண்ணா இருக்குறது. ஸ்விட்ச் போட்டா உர்ருன்னு சத்தம் மட்டும் வருது, சுத்த மாட்டேங்குது. சம்பா நடவு நேரம், எலக்ட்ரீஷியனுங்க எல்லாம் வயக்காட்டு மோட்டாரை பாக்க போயிடுறாங்க, கூப்புட்டா நாளைக்கு நாளைக்குங்குறாங்க. நாமளே பாத்துக்கலாம்னு யூடியூப்பை தொறந்தா மோட்டார்ல ஆரம்பிச்சு டேங்க் கழுவுறது, மாடித்தோட்டம், பட்டுப்புடவைன்னு எங்கெங்கயோ போயி ராத்திரி ஆயிடுது. மோட்டார் அப்படியேதான் கெடக்கு. என்ன வழி?"

உங்களுக்கு கவனம் பத்தலைன்னு நெனச்சு மனசை போட்டு வருத்திக்காதீங்கம்மா. "மோட்டார் ஓடல" அப்படின்னு தேடுனா உறிஞ்சுற பைப்போட அடில இருக்குற ஃபுட் வால்வ்லேர்ந்து மோட்டாருக்குள்ள இருக்குற கம்பிச்சுருள், அதான் வைண்டிங், அது வரைக்கும் எல்லாமே வந்து நிக்கும், மத்த மடையை அடைக்காம தண்ணிய தொறந்து விட்டா நம்ம வயலுக்கு எப்படி வந்து சேரும். இன்னொண்ணும் இருக்கு. அடுத்து செய்ய வேண்டிய வேலை மோட்டார்கிட்ட இருக்கு, ஆனா கரண்ட் சமாச்சாரம்னா கைவைக்க பயம், அதனால இன்னும் ஒரு வீடியோ பாத்துட்டு போவோம்னு தோணும், எல்லாருக்கும் தோணுறதுதான். அதனால நான் சொல்ற வைத்தியம் போன்ல ஆரம்பிக்காது, மோட்டார்ல ஆரம்பிக்கும்.

போனை உள்ள வச்சுட்டு ஒரு பேப்பர் பேனாவோட மோட்டார்கிட்ட போங்க. மோட்டார் மேல ஒட்டியிருக்குற நேம் பிளேட்டை துணியால தொடச்சு எச்பி, வோல்ட், சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, எல்லாத்தையும் எழுதிக்குங்க. அப்புறம் சத்தம். சத்தமே இல்லையா, உர்ருங்குதா, இல்ல நல்லா சுத்தியும் தண்ணி ஏறலையா, இந்த மூணும் மூணு தனித்தனி வியாதி. உங்களோடது உர்ரு கேஸ், அதனால ஃபுட் வால்வ், பைப்புல காத்து அடைக்கிற ஏர் லாக் பத்தின வீடியோ எதுவும் உங்களுக்கு தேவையே இல்ல, பாதி வீடியோ இங்கயே கழிஞ்சுது.

உர்ருன்னு நிக்கிறதுக்கு பெரும்பாலும் காரணம் கண்டென்சர், ஜாம், லோ வோல்டேஜ், இந்த மூணுல ஒண்ணுதான். சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு தானா சுத்த ஆரம்பிக்கிற சக்தி கெடையாது, உள்ள இன்னொரு காயில் இருக்கும், அதுல ஓடுற கரண்ட்டை கண்டென்சர் கொஞ்சம் முன்னாடி தள்ளி விடும், அந்த வித்தியாசத்துலதான் மோட்டார் சுத்தவே ஆரம்பிக்கும். கண்டென்சர் வீக் ஆயிடுச்சுன்னா சத்தம் இருக்கும், சுத்தல் இருக்காது. லோ வோல்டேஜும் அதே வேலைய செய்யும், 230 வோல்ட்டு வர வேண்டிய எடத்துல 180 வந்தா ஸ்டார்ட் ஆகுற பலம் கிட்டத்தட்ட 60 சதவீதம்தான் இருக்கும், ஏன்னா பலம் வோல்டேஜோட வர்க்கத்துக்கு தகுந்தாப்புல எறங்கும். சுத்துவட்டாரத்துல எல்லா வயக்காட்டு மோட்டாரும் ஓடுற நேரத்துல வீட்டு ஃபேன் மெதுவா சுத்துதான்னு பாருங்க, மெதுவா சுத்துனா விடியக்காலைல ஒரு தடவை போட்டு பாருங்க.

ஜாமான்னு பாக்க மெயினை ஆஃப் பண்ணுங்க, ஸ்விட்சை மட்டும் ஆஃப் பண்ணா பத்தாது. பின்பக்க மூடிய கழட்டுனா ஒரு சின்ன ஃபேன் தெரியும், அதை கையால சுத்தி பாருங்க. லேசா சுத்துச்சுன்னா ஜாம் இல்ல. கல்லு மாதிரி நின்னா தண்ணிய தள்ளுற சக்கரம், அதான் இம்பெல்லர், அதுல துரு புடிச்சுருக்கும் இல்ல பேரிங் போயிருக்கும், வேதாரண்யம் பக்கம் மாதிரி உப்புத்தண்ணி எறைக்கிற மோட்டாருக்கு, அதுவும் கொஞ்ச நாள் ஓடாம கெடந்ததுன்னா, இது சகஜம்.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். வீடியோல வர்ற சத்தமும் நம்ம மோட்டார் சத்தமும் ஒண்ணான்னு பாக்க ஒரு கைல போனை வச்சுக்கிட்டு ஸ்விட்சை போட்டுட்டே நிப்பாங்க, தயவு செஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. சுத்தாம நிக்கிற மோட்டார் வழக்கத்தை விட பல மடங்கு கரண்ட்டை இழுக்கும், கொஞ்ச நேரத்துல வைண்டிங் கருகிடும், சின்ன செலவுல போயிருக்க வேண்டியது ரீவைண்டிங்ல போய் நிக்கும். ரெண்டு மூணு செகண்ட் கேட்டா போதும், ஆஃப் பண்ணிடுங்க. கரண்ட் இருக்கும்போதே ஃபேனை குச்சியால தள்ளி விட்டு ஸ்டார்ட் பண்ற வீடியோவும் நெறைய சுத்துது, அதை யாரும் வீட்டுல செய்யவே கூடாது, விரல் போயிடும்.

இப்ப போனை எடுங்க. "ஒரு எச்பி மோனோபிளாக் கண்டென்சர் மாத்துறது எப்படி" அப்படின்னு ஒரே ஒரு கேள்வி. தேடுறதுக்கு முன்னாடியே ஆட்டோபிளேவை ஆஃப் பண்ணிடுங்க. பாத்த வீடியோ ஹிஸ்டரிய அழிச்சுட்டு நிறுத்தி வச்சா 2023-லேர்ந்து யூடியூப் முகப்பு வெறுமையா வரும், தேடுற பெட்டி மட்டும் இருக்கும், பட்டுப்புடவை அங்க எட்டிப் பாக்காது, வீடியோக்கு கீழ வர்ற வரிசை மட்டும் இருக்கும், அதை கண்டுக்காதீங்க. முழு வீடியோவும் பாக்கணும்னு இல்ல, பேசுறதை எழுத்துல காட்டுற டிரான்ஸ்கிரிப்ட் இருந்தா அதை தொறந்து கண்டென்சர்னு வர்ற எடத்துக்கு நேரா போயிடலாம். என் கணக்கு, ஒரு வீடியோ பாத்தா மோட்டார்கிட்ட போய் ஒரு வேலை செஞ்சுட்டுதான் அடுத்த வீடியோ.

கண்டென்சரை தொடறதுக்கு முன்னாடி மெயின் ஆஃப்ல இருக்கான்னு டெஸ்டர் வச்சு பாத்துக்குங்க, ஒரு குண்டு பல்ப் ஹோல்டரோட ரெண்டு வயரையும் கண்டென்சரோட ரெண்டு முனைலயும் வச்சு எடுங்க, உள்ள தேங்கியிருக்குற கரண்ட் எறங்கிடும். எந்த வயர் எங்க இருந்துச்சுன்னு ஒரு போட்டோ, போனுக்கு இந்த எடத்துல நல்ல உபயோகம். கடைக்கு பழசையே கையோட எடுத்துட்டு போங்க, மேல போட்டுருக்குற மைக்ரோ ஃபாரட், அதான் கண்டென்சரோட அளவு, அதேதான் இருக்கணும், வோல்ட் அதே இல்ல கூட இருக்கலாம், கொறைய கூடாது. கடைக்காரர் "இது இல்ல, கொஞ்சம் பெருசு போட்டுக்கங்க"ன்னு மைக்ரோ ஃபாரட்டை கூட்டி குடுத்தா வாங்காதீங்க, மோட்டார் சூடாகும்.

புதுசு போட்டும், வோல்டேஜ் சரியா இருந்தும், ஃபேன் கையால லேசா சுத்தியும் உர்ருன்னே நின்னா பெரும்பாலும் வைண்டிங்தான், அதுக்கு மேல எந்த வீடியோவும் உங்களுக்கு வேலை செஞ்சு குடுக்காது. எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டு நேம் பிளேட்ல இருந்தது, சத்தம், கையால சுத்துச்சா இல்லையா, கண்டென்சர் மாத்தியாச்சு, இதை வரிசையா சொல்லுங்க. நடவு நேரமா இருந்தாலும் இவ்வளவு தெளிவா சொல்ற வீட்டுக்கு, வயலுக்கு போற வழியில மோட்டாரை கழட்டி வண்டில போட்டுக்கிட்டு போயிடுவாரு.