வொர்க்ஸ்டேஷன் கீபோர்டில் (வாசிப்பது, பதிவது, கலப்பது எல்லாம் அதிலேயே செய்யக்கூடிய கீபோர்டு) தனித்தனியாகப் பதிந்த டிராக்குகளை ஒரே பாட்டாகச் சேர்ப்பது எப்படி?

முதலில் மிடி டிராக் வேறு, ஆடியோ டிராக் வேறு. மிடியில் ஒலியே இல்லை. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தமாக வாசித்தீர்கள் என்ற குறிப்பு மட்டும்தான். அதனால் டெம்போவையோ வாத்தியத்தையோ பிறகும் மாற்றலாம். மைக்கில் பதிந்த குரல் அப்படியல்ல. டெம்போவை மாற்றினால் பெரும்பாலும் தாளத்தை விட்டு விலகிவிடும். ஆகவே வேகத்தை முடிவு செய்த பிறகே பாடிப் பதியுங்கள். ஹெட்ஃபோன் அவசியம், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சத்தமும் மைக்கில் ஏறிவிடும். லெவல் மீட்டர் சிவப்பைத் தொடவே கூடாது.

டிராக் போதவில்லை என்றால் பவுன்ஸ், அதாவது பல டிராக்குகளைக் கலந்து ஓரிரு டிராக்கில் மறுபடி பதிவது, கைகொடுக்கும். கோர்க் நிறுவனத்தின் க்ரோனோஸ் வொர்க்ஸ்டேஷனில் 16 மிடி, 16 ஆடியோ டிராக்குகள் உண்டு. கோரஸ் பதிய ஆரம்பித்தால் அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆறு கோரஸ் குரல்களுக்கு வால்யூம், பேன் (ஒலி இடப்பக்கமா வலப்பக்கமா என்பது) எல்லாம் சரிபார்த்து, இரண்டு காலி டிராக்குகளில் ஸ்டீரியோவாகப் பவுன்ஸ் செய்தால் பழைய ஆறையும் அழித்து மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் ஒருமுறை கலந்த குரல்களைப் பழையபடி பிரிப்பது நடக்காது. தயவுசெய்து அதற்கு முன் பாட்டை வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்துவிடுங்கள்.

அப்புறம் மிடியையும் ஆடியோவையும் சேர்த்து ஓடவிட்டு, முழுப் பாட்டையும் ஸ்டீரியோ வேவ் கோப்பாகப் பதிந்து யுஎஸ்பியில் எடுத்துக்கொள்ளலாம்.