காலி இடம் இருந்தும் பார்ட்டிஷன் பெரிதாகவில்லையே?

கேள்வி: விண்டோஸ், உபுண்டு இரண்டும் உள்ள கணினியில் சி டிரைவைச் சுருக்கி 40 ஜிபி காலி இடம் உண்டாக்கினேன். ஆனால் டிஸ்க்கில் உபுண்டு இருக்கும் பகுதியை, அதாவது அதன் பார்ட்டிஷனைப் பெரிதாக்க ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மென்பொருள் மறுக்கிறதே, ஏன்?

பதில்: நீங்கள் உபுண்டுவுக்குள் இருந்தபடியே முயன்றிருப்பீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ரூட் பார்ட்டிஷனின் (உபுண்டு நிறுவப்பட்டுள்ள பகுதியின்) தொடக்கத்தை நகர்த்த முடியாது. உபுண்டுவை நேரடியாக இயக்கவல்ல பென் டிரைவில் (லைவ் யுஎஸ்பி) பூட் செய்து, அங்கே ஜிபார்ட்டெட்டைத் திறங்கள். ஸ்வாப் பார்ட்டிஷனில் (ரேமுக்குத் துணையாகப் பயன்படும் பகுதியில்), பயன்பாட்டில் இருப்பதைக் காட்டும் சாவிப் படம் தெரிந்தால் 'ஸ்வாப்ஆஃப்' கொடுங்கள்.

காலி இடம் உபுண்டு பார்ட்டிஷனை ஒட்டினாற்போல் இருக்கவும் வேண்டும். பெரும்பாலும் நடுவில் விண்டோஸின் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். அதை முதலில் இடப்பக்கம் நகர்த்திவிட்டு, பிறகு உபுண்டுவை நீட்டுங்கள். நகர்த்துமுன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (விரைவாகத் தொடங்குவதற்காக முழுமையாக அணையாமல் நிற்கும் வசதியை) அணைத்து, முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். இல்லையேல் விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் உறைந்த நிலையில் இருக்கும், ஜிபார்ட்டெட் அதைத் தொடாது. சி டிரைவைச் சுருக்கும் வேலையை மட்டும் எப்போதும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்வது நல்லது.

இடப்பக்கமாக நீட்டும்போது உள்ளிருக்கும் தரவு முழுவதும் இடம் மாறுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். நடுவில் மின்சாரம் போனால் ஃபைல் சிஸ்டமே சிதைந்துவிடும். எனவே பேக்கப் எடுக்காமல் 'அப்ளை' பொத்தானைத் தொடாதீர்கள்; லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றாதீர்கள். பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யுயுஐடி மாறாது என்பதால், பூட் ஆகும்போது எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலைத் திருத்தத் தேவையில்லை.