மருத்துவர் பதில்கள்: தாய்மாமனை மணந்ததுதான் காரணமா?

கேள்வி: தவழத் தொடங்கிய நாள் முதல் என் இரண்டு வயது மகனுக்கு முழங்கால் அடிக்கடி கன்றி வீங்குகிறது. பரிசோதித்து, ஹீமோபிலியா ‘ஏ’ என்றும், ஃபேக்டர் 8 ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றும் சொன்னார்கள். என் தம்பி சிறு வயதில் பல் பிடுங்கியபின் ரத்தம் நிற்காமல் இறந்தான். நான் என் தாய்மாமனை மணந்தவள். அவர் நலமாக இருக்கிறார். சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்கிறார்கள். மணமாகாத என் தங்கைக்கும் இது இருக்குமா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: உங்கள் திருமணம் இதற்குக் காரணமன்று. ஹீமோபிலியா ‘ஏ’ என்பது ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி (ஃபேக்டர் 8) குறைவதால் வரும் ரத்தப்போக்கு நோய். இக்காரணியை உருவாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு இருக்கும் ஒரே எக்ஸ் தாயிடமிருந்தே வருவதால், நீங்கள் யாரை மணந்திருந்தாலும் உங்கள் மகனுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு இதே அளவுதான். உங்கள் தம்பியின் மரணத்தைப் பார்க்கும்போது, உங்கள் தாயும் அவர் வழியே நீங்களும் இக்குறையைச் சுமப்பவர்கள் என்றே தோன்றுகிறது. இதைக் கேட்டதும் பழியை மாமனிடமிருந்து எடுத்து உங்கள் தலையில் வைக்கச் சிலர் முனைவார்கள். ஹீமோபிலியா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் எவருக்குமே இந்நோய் இருந்ததில்லை என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

தங்கை இக்குறையைச் சுமப்பவராக இருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. அவ்வாறு சுமக்கும் பெண்களில் பலருக்குக் காரணியின் அளவு சரியாகவே இருக்கும் என்பதால், மகனிடம் உள்ள மரபணு மாற்றத்தை முதலில் கண்டறிந்து, அதே மாற்றம் தங்கையிடம் உள்ளதா என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்த வசதி உண்டு.

இதனால் உறவுமுறைத் திருமணத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். 7, 10, 13 ஆகிய காரணிகளின் கடும் குறைபாடு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் தோன்றும். தாய்மாமன், அத்தை மகன் உறவில் மணம் முடிப்பது இன்றும் வழக்கத்தில் உள்ள தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் இவற்றைத்தான் நாம் கூடுதலாக எண்ணிப்பார்க்க வேண்டும். 13ஆம் காரணி இல்லாத குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். ஆனால் வழக்கமான உறைதல் பரிசோதனைகள் அனைத்தும் சரியாக இருப்பதாகவே காட்டும்.

மகனின் வீங்கிய காலை எண்ணெய் தேய்த்து நீவி விடச் சொல்லும் பெரியவர்களைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அந்த வீக்கம் சுளுக்கு அன்று, மூட்டுக்குள் கசிந்த ரத்தம். நீவ நீவக் கசிவு பெருகும், ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டே இறுகிவிடும். துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலை அசைக்காமல், விரைவில் ஃபேக்டர் ஊசி போடச் செய்யுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். தலையில் அடிபட்டால் முதலில் ஃபேக்டர், அதன்பிறகே ஸ்கேன். அரசு மருத்துவமனைகள் வழியாக ஃபேக்டர் இலவசமாகக் கிடைப்பதால், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகனின் பெயரைப் பதிவு செய்து, ரத்தக் கசிவு ஏற்படும் முன்பே வாரந்தோறும் போடும் தடுப்புச் சிகிச்சை குறித்துக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியாவும் இடம்பெற்றுள்ளது, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: என் 15 வயது மகளுக்கு மாதவிலக்கு பத்து நாள் வரை நீடிக்கிறது, சிறு வயதிலிருந்தே மூக்கில் ரத்தம் வரும். இரும்புச்சத்து மாத்திரை மட்டுமே தருகிறார்கள். ரத்தப்போக்கு நோய் ஆண்களுக்கு மட்டுமே வருமா?
– ஒரு வாசகர், ஊத்தங்கரை

பதில்: இல்லை. 1926இல் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் விவரித்து, அவர் பெயராலேயே வழங்கும் நோய் இருபாலருக்கும் வரும். மாதந்தோறும் ரத்தம் இழப்பதால் பெண்களிடம் அதன் தொல்லை கூடுதலாக வெளிப்படும். தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இந்நோய் இருக்கக்கூடும் என்பதால், மூக்கில் ரத்தம் வருவதையும் மகப்பேறு மருத்துவரிடம் தவறாமல் கூறி, வான் வில்லிபிராண்ட் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணியின் அளவு காய்ச்சலின்போது தற்காலிகமாக உயரும். மகள் உடல்நலத்துடன் இருக்கும் நாளில் ரத்தம் கொடுக்கட்டும்.