சொந்தக் காட்டுக்குள் வேட்டைக்காரர்களும் மரம் வெட்டுகிறவர்களும் நுழைவதை எப்படித் தடுப்பது?

கேள்வி கேட்டவருக்கு மலையடிவாரத்தில் பன்னிரண்டு ஏக்கர் பட்டா நிலம். முழுக்க மரக்காடு. குடும்பம் டவுனில் இருக்கிறது. ஆள் இல்லாத நாட்களில் யாரோ நுழைந்து கண்ணி வைக்கிறார்கள், மரத்தை வெட்டிக்கொண்டு போகிறார்கள், மின்வேலி போடலாமா, நாய் வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். ஏறக்குறைய இதே நிலையில் நானும் இருந்தேன், இன்னும் பாதி இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம், 18 ஏக்கர். பாதியில் காப்பியும் மிளகும். மீதியை அப்பா காலத்திலிருந்தே தொடாமல் விட்டிருக்கிறோம். பலா, நாவல், பெயர் தெரியாத பெருமரங்கள், நடுவில் ஒரு ஓடை. காட்டுமாடு வரும், கேளையாடு என்கிற சின்ன மான் வரும், மலை அணில் எந்நேரமும் கத்திக்கொண்டிருக்கும். எனக்கு வேலை மதுரையில். அப்பா போன பிறகு தோட்டம் என் கைக்கு வந்தது. முதல் ஐந்து வருஷம் நான் செய்தது எல்லாமே தப்பு.

முதலில் போர்டு வைத்தேன். 'தனியார் நிலம், அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்'. இரண்டாவது வாரம் அதில் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். மூன்றாவது மாதம் போர்டே இல்லை, நல்ல தகரம் என்று யாராவது கோழிக்கூண்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அப்புறம் ஒரு பக்கம் மட்டும் முள்கம்பி இழுத்தேன். ஆட்கள் கம்பியைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து போனார்கள். கேளையாட்டுக்குத்தான் அது தெரியவில்லை, ஒன்று தொடை கிழிந்து செத்தது. அந்தக் கம்பியை நானே கழற்றினேன்.

மின்வேலி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டு லைனிலிருந்தோ மோட்டார் லைனிலிருந்தோ நேராகக் கரண்ட் கொடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. மனிதர்களும் சாகிறார்கள். செத்தவன் திருட வந்தவனாகவே இருந்தாலும் உள்ளே போவது நிலத்துக்காரர்தான். பேட்டரியிலோ சோலாரிலோ ஓடி, விட்டுவிட்டு அதிர்ச்சி கொடுக்கும் வேலிக்கும் தமிழ்நாட்டில் 2023-லேயே தனி விதிகள் வந்துவிட்டன. காப்புக்காட்டை ஒட்டிய பகுதி என்றால் வனத்துறையின் முன் அனுமதி வேண்டும், பதிவு செய்ய வேண்டும். அத்தனையும் செய்து போட்டாலும் அது மாட்டைத்தான் நிறுத்தும். காய்ந்த குச்சியால் கம்பியைத் தூக்கிவிட்டு நுழையத் தெரிந்தவனை எந்த வேலியும் நிறுத்தாது. குழி வெட்டுவது, ஆணி புதைப்பது போன்ற யோசனைகளும் வேண்டாம். அதில் முதலில் காலை விடப்போவது உங்கள் மிளகு பறிக்க வருகிற ஆள்தான்.

சரி, வருகிறவர்கள் யார் என்று பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. எல்லோரையும் ஒரே கணக்கில் 'திருடர்கள்' என்று வைத்திருந்தேன். ஒரு வருஷம் பொறுமையாகக் கவனித்த பிறகுதான் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. காலையில் விறகுக்கு வரும் பெண்கள், ஓடைப் பக்கம் மாடு ஓட்டி வருபவர்கள், மேட்டுக் கோயிலுக்குக் குறுக்கு வழியில் போகிறவர்கள் எல்லாம் ஒரு பக்கம். சனிக்கிழமை பாட்டிலோடு வரும் பையன்கள் இன்னொரு பக்கம். அவர்களால் தீ ஆபத்தும் கண்ணாடிச் சில்லும்தான், வேறில்லை. வேட்டைக்கு வருகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். என் காட்டில் மூன்று நான்கு பேருக்கு மேல் இருக்காது. ஆனால் நான் முறைத்துக்கொண்டதெல்லாம் விறகுக்காரப் பெண்களிடம். விளைவு, காட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்ல ஊரில் ஒரு நாதி இல்லை.

இன்னொன்றும் உண்டு. கோயிலுக்குப் போகிற பாதையை அடைத்தால் சண்டையில் நீங்கள் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். இருபது வருஷத்துக்கு மேல் தடையில்லாமல், உரிமையாகப் புழங்கிய வழிக்கு 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டப்படி உரிமை கேட்கலாம். எங்கள் ஊர்ப் பாதை என் தாத்தாவுக்கும் மூத்தது. இப்போது அந்தப் பாதையை நானே வருஷம் ஒரு முறை செதுக்கிவிடுகிறேன். நல்ல பாதை இருந்தால் ஜனம் அதில்தான் போகும். பாதையை விட்டு விலகி நடக்கிறவன் தனியாகத் தெரிவான்.

வேட்டைக்காரன் எப்படி வேலை செய்கிறான் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துக் குடியிருப்பில் இருந்த, பளியர் என்ற மலைப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். அவரோடு நடந்த முதல் நாளே, நான் நூறு தடவை கடந்துபோன வேலிச் சந்தில் குனிந்து ஒரு கம்பியைக் காட்டினார். பைக்கின் கிளட்ச் வயர். பன்றி நுழைந்து நுழைந்து வழவழப்பான சந்து அது. வயரைச் சுருக்காகப் போட்டு, நுனியை உண்ணிச்செடித் தூரில் கட்டியிருந்தார்கள். "இது ஒண்ணா இருக்காதுங்க" என்றார். அன்றைக்கு ஏழு எடுத்தோம். எட்டாவதில் ஒரு சருகுமான் கிடந்தது, முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, உடம்பில் வெள்ளைப் புள்ளி. செத்து இரண்டு நாள் இருக்கும். வைத்தவன் வந்து பார்க்கக்கூட இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது அதில்தான்.

அவர் சொன்ன மற்றவையும் உங்களுக்கு உதவும். லைட் அடித்துச் சுடுகிறவர்கள் அமாவாசையை ஒட்டிய நாட்களில் வருவார்கள். பலா பழுக்கும் காலத்தில் பன்றி மரத்தடிக்கு வரும், கண்ணியும் அங்கேதான் இருக்கும். திருவிழாவுக்கு முந்தைய வாரம் கறிக்குக் கிராக்கி அதிகம். இவை தவிர அவுட்டுக்காய் என்று ஒன்று இருக்கிறது. தீனிக்குள் மறைத்துவைக்கும் வெடி. பன்றிக்கு வைப்பது, கடிப்பது யாராகவும் இருக்கலாம். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பசு ஒன்று கடித்து வாய் சிதறி நான்கு நாள் கிடந்து செத்தது. உங்கள் காட்டில் உருண்டையாகக் கட்டிய ஏதாவது தரையில் கிடந்தால் குச்சியால்கூடத் தொடாதீர்கள். ஆட்களையும் நாய்களையும் விலக்கிவிட்டு போலீஸுக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள்.

அப்போதுதான் என் தப்பின் அளவு புரிந்தது. என் கார் சனிக்கிழமை பதினொரு மணிக்கு மலையேறும், ஞாயிறு மூன்று மணிக்கு இறங்கும். வத்தலக்குண்டு டீக்கடை வரைக்கும் இது தெரியும். திங்கள் முதல் வெள்ளி வரை காடு அவர்களுடையது. இப்போது நான் நாள் பார்த்துப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் பஸ்ஸில் போய் இறங்குவேன். தோட்டம் பார்க்கிறவரும் தினமும் எல்லையைச் சுற்றுகிறார், ஒரு நாள் விடிகாலை, ஒரு நாள் சாயங்காலம். இதற்காக எல்லையை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு உண்ணிச்செடியை வெட்டி நடைபாதை மாதிரி ஆக்கினோம். செலவு என்று பார்த்தால் நான் செய்ததிலேயே அதுதான் பெரிசு, பலனும் அதற்குத்தான். புதருக்குள் கட்டிய வயர் முன்பு கண்ணுக்குப் படாது. இப்போது ஈர மண்ணில் செருப்புத் தடம்கூடத் தெரிகிறது. கண்ணி வைத்தவன் மறுநாள் வந்து பார்க்கும்போது அது இல்லை என்றால், ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாவது முறை வேறு இடம் பார்க்கப் போய்விடுகிறான். வயர் ஒன்றும் இலவசமில்லையே.

நாய் வளர்க்கலாம், வீட்டுப் பக்கம் குரைக்க உதவும். காட்டுக்குள் அவிழ்த்துவிட்டால் அதுவே கேளையைத் துரத்தும். எங்கள் இரண்டு நாய்களில் ஒன்றைச் சிறுத்தை கொண்டுபோனது.

கேமராவுக்கு வருகிறேன். அசைவு பட்டால் படமெடுக்கும் காட்டு கேமரா மூன்று வாங்கினேன். முதலாவதை மார்பளவு உயரத்தில் கட்டினேன், ஒரே வாரத்தில் களவு போனது. இருட்டில் சிவப்பாக மினுங்கும் வகை அது, 850 நானோமீட்டர் என்று போட்டிருக்கும். 940 என்று போட்டிருப்பதை வாங்குங்கள், கண்ணுக்கு ஒளி தெரியாது. ஏணி போட்டுப் பத்தடி உயரத்தில் கட்டி, கீழே பார்க்கச் சாய்த்துவிடுங்கள். ஒரு கேமரா இன்னொன்றைப் பார்க்கிற மாதிரி வைத்தால் கழற்றுகிறவன் முகமும் விழும். வேலியைப் பார்த்து வைக்காதீர்கள், பைக் நிறுத்தும் இடத்தைப் பார்த்து வையுங்கள். நம்பர் பிளேட்டைப் போல ஒரு சாட்சி கிடையாது. விறகுக்கும் குளிக்கவும் பெண்கள் வரும் ஓடைப் பக்கம் கேமரா வைக்கவே கூடாது. வைத்தால் ஊர் உங்கள் மேல் பாயும், பாய்வதும் நியாயம்.

இனி காகித வேலை. பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள், நானும் தள்ளிப்போட்டேன். முதலில் சர்வேயரைக் கூப்பிட்டு, எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தை வைத்து அளந்து, கல் நட்டுவிடுங்கள். எல்லை தெளிவாக இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போனால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. சந்தனம் மாதிரி விலையுள்ள மரம் இருந்தால் வி.ஏ.ஓ.விடம் சொல்லி அடங்கல் என்கிற கிராமக் கணக்கில் பதியவையுங்கள், மரத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். களவு போனால் என்ன போனது என்று காட்ட வேண்டுமே.

அத்துமீறி நுழைவதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 329-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைக் கேட்டு வேட்டைக்காரன் சிரிப்பான். அவன் பயப்படுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு. அந்தச் சட்டத்துக்குப் பட்டா நிலம், காப்புக்காடு என்ற வித்தியாசம் இல்லை. உங்கள் நிலமே ஆனாலும் மிருகம் உங்களுடையதல்ல. கண்ணி வைப்பதும், வைக்க முயல்வதும் வேட்டைதான். காட்டுமாடு, சருகுமான், அழுங்கு (எறும்புத்தின்னி) போன்று, அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கும் உயிர்கள் என்றால் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வண்டியையும் பறிமுதல் செய்வார்கள். அதனால் என் புதுப் போர்டில் 'தனியார் நிலம்' என்பது சின்ன எழுத்தில் கீழே இருக்கிறது. மேலே பெரிதாக, 'கண்ணி, வெடி, துப்பாக்கி: வனத்துறைக்கு உடனே தகவல் போகும்'. அதில் இதுவரை யாரும் துண்டு காயப்போடவில்லை.

இந்தச் சட்டம் உங்கள் பக்கமும் திரும்பும் என்பதை மறக்காதீர்கள். உங்கள் நிலத்தில் கண்ணியும் செத்த மிருகமும் கிடைத்தால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். அந்தச் சருகுமானை அன்றைக்கு நான் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன், அறியாமையில். சரியான முறை, தொடாமல் படமெடுத்து, இடத்தைக் குறித்து, உடனே வனக்காப்பாளரையோ வனவரையோ கூப்பிடுவது. வெறும் கண்ணி என்றால் முதலில் படம், பிறகு எதுவும் மாட்டாதபடி சுருக்கை இறுக்கி மூடிவிட்டு, அவர்கள் வரும்வரை அங்கேயே விடுங்கள். ஒவ்வொரு தடவையும் எழுத்தில் கொடுங்கள், வனச்சரக அலுவலகத்தில் ஒரு நகலில் முத்திரை வாங்குங்கள். போலீஸில் கொடுத்தால், புகார் வாங்கியதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வராதீர்கள். முதல் மூன்று மனுவுக்கு யாரும் வரவில்லை. நான்காவதுக்கு வந்தார்கள்.

ஆளை நேரில் பார்த்துவிட்டால்? இருட்டில் நாட்டுத் துப்பாக்கியோடு இருப்பவனிடம் நெருங்கிப் போகாதீர்கள். தூரத்திலிருந்து டார்ச் அடித்துச் சத்தம் போட்டால் போதும், பெரும்பாலும் ஓடிவிடுவான். பிடித்து மரத்தில் கட்டிவைத்து அடிக்கிற வீரம் வேண்டாம், வழக்கு உங்கள் மேல் வரும். என் விஷயத்தில் கண்ணி வைத்தவர்களில் ஒருவன், எங்கள் தோட்டம் பார்க்கிறவரின் மச்சான் என்று கடைசியில் தெரிந்தது. வேலையை விட்டு அவரை அனுப்பிவிடச் சொன்னார்கள். நான் அனுப்பவில்லை. அவருக்கு அது எவ்வளவு அவமானம் என்று முகத்திலேயே தெரிந்தது. வேறு ஆளைப் போட்டால் அவனுக்கும் ஒரு மச்சான் இருப்பான்.

விறகுக்காரப் பெண்களிடம் போய் நானே பேசினேன். கீழே விழுந்த விறகை எடுங்கள், பலாவும் பறித்துக்கொள்ளுங்கள், பச்சை மரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம், உள்ளே எதாவது பார்த்தால் ஒரு போன் போடுங்கள் என்றேன். ஒரு வருஷம் யாரும் போடவில்லை. போன ஆடியில், ராத்திரி பதினொன்றரைக்கு ஓர் அக்கா கூப்பிட்டார். "தம்பி, உங்க ஓடைக்கு மேல ரெண்டு லைட்டு தெரியுது. வளைவுல ஒரு வண்டி நிக்குது." நான் மதுரையில் படுத்திருந்தேன். வனவரைக் கூப்பிட்டேன். அவர்கள் போனபோது ஆட்கள் இல்லை, வண்டி மட்டும் நின்றது. சீட்டுக்கு அடியில் கிளட்ச் வயர் ஒரு சுருள், நெற்றியில் கட்டும் லைட் ஒன்று. வண்டியைக் கேட்டு இன்றுவரை யாரும் வரவில்லை. சரக அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது, அந்தப் பக்கம் போனால் நீங்களே பார்க்கலாம்.