கவ்பாய்கள் அணியும் தோல் ஷாப்ஸ் வெறும் அலங்காரமா? அதைக் கையால் செய்ய எங்கிருந்து தொடங்குவது?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: அலங்காரம் இல்லை. ஜீன்ஸுக்கு மேல் இடுப்பில் கட்டி, இரண்டு கால்களை மட்டும் மூடிக்கொள்ளும் தோல் உறைதான் ஷாப்ஸ். உட்காரும் இடம் திறந்தே இருக்கும். மெக்சிகோவின் மாட்டுக்காரர்களான வக்கேரோக்களிடமிருந்து வந்தது. ஆரம்பத்தில் அவர்கள் சேணத்தின் முன்பக்கத்திலேயே இரண்டு பெரிய தோல்களைத் தொங்கவிட்டு, ஏறி உட்கார்ந்ததும் கால்மேல் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். பிறகு அதுவே காலில் அணியும் உடையாக மாறியது. தெற்கு டெக்சாஸின் முள்காடுகளில் மாடு தேடி ஓடுகிறவருக்கு இது இல்லாமல் முடியாது. அங்கே மண்டிக் கிடக்கும் மெஸ்கீட் மரம் நம்மூர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். அந்த முள் ஜீன்ஸை என்ன செய்யும் என்று ராமநாதபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கொலராடோவில் இருக்கிறேன். பகலில் வேறு வேலை, மாலையில் தோல் வேலை. வயதான சேணக்காரர் ஒருவரின் பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. அங்கே முதலில் புரிந்தது, இந்த உடை ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது என்பதுதான். குழாய் மாதிரி காலை ஒட்டி இறங்குவது ஷாட்கன். காற்றும் குளிரும் அடிக்கும் இடத்துக்கு நல்லது. பக்கவாட்டில் அகலமாக விரிந்து, தொடையைச் சுற்றி இரண்டு மூன்று வார்களால் மாட்டுவது பேட்விங். பூட்ஸையும், குதிரையைத் தூண்டக் குதிகாலில் மாட்டும் ஸ்பரையும் கழற்றாமலே போட்டுக் கழற்றலாம், காற்றோட்டமும் உண்டு. மொன்டானா, வயோமிங் பனிக்கு ஆட்டு ரோமத்தை அப்படியே விட்டுச் செய்த வூலீஸ். நெவாடா, கிழக்கு ஓரிகன் வறண்ட வெளியில் வேலை செய்கிற பக்கரூக்கள், அதாவது அந்தப் பக்கத்து கவ்பாய்கள், போடுவது சிங்க்ஸ். முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிடும், ஓரமெல்லாம் குஞ்சம். வெயிலில் இதுதான் சுகம். முதல்முறை செய்கிறவருக்கும் இதைத்தான் சொல்வேன். ஜிப் இல்லை, நீளத்தில் ஓரிரு அங்குலம் முன்பின் ஆனாலும் உடை கெடாது.

எந்த வகையானாலும் ஒரு இடத்தைக் கவனித்துப் பாருங்கள். இடுப்புப் பட்டை நல்ல கனமான தோலில் இருக்கும். பின்பக்கம் அகலமாக, கூட்டிக் குறைக்க வசதியாக நாடா கோத்திருக்கும். ஆனால் முன்னால், தொப்புளுக்குக் கீழே, இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிப்பது மெல்லிய ஒரு தோல் நாடா மட்டும். பார்க்கிறவருக்கு, இவ்வளவு உழைத்துவிட்டு இங்கே கஞ்சத்தனமா என்று தோன்றும். காரணம் இருக்கிறது. வெஸ்டர்ன் சேணத்தின் முன்னால் கயிறு சுற்ற ஒரு கொம்பு உண்டு. குதிரை துள்ளும்போது ஆள் முன்னால் சாய்ந்தால், இடுப்புப் பட்டை அந்தக் கொம்பில் மாட்டிக்கொள்ளும். கீழேயும் விழ முடியாது, மேலேயும் உட்கார முடியாது, குதிரையோ மிரண்டு போயிருக்கும். அந்த நொடியில் நாடா அறுந்து ஆளை விட்டுவிட வேண்டும். அதற்காகவே அது மெல்லிசு. முன்னால் பெரிய வெள்ளி பக்கிள் வைத்துத் தரச் சொல்கிறவர்கள் உண்டு. நான் செய்து தருவதில்லை. அழகுக்கு எத்தனையோ இடம் இருக்கிறது, அங்கே வேண்டாம்.

அடுத்தது தோல். இங்கே கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 0.4 மி.மீ. ஷாப்ஸுக்கு 4 முதல் 5 அவுன்ஸ், அதாவது 2 மி.மீ.க்குள். சேணத்துக்கு 13 முதல் 15 அவுன்ஸ், 5 மி.மீ.க்கு மேலே போய்விடும். கனத்தை விடப் பதனிட்ட விதம் முக்கியம். கால் பகுதிக்குக் குரோம் உப்பில் பதனிட்ட தோல்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். மெத்தென்று மடங்கும், நனைந்து காய்ந்தாலும் அவ்வளவாக விறைக்காது. ஆனால் அதில் பூ வேலை நிற்காது. பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் மட்டும்தான் அடித்த தடம் அப்படியே தங்கும். அதனால்தான் கால் பகுதி வெறுமையாகவும், இடுப்புப் பட்டை பூவும் இலையுமாகவும் இருப்பதைப் பார்க்கிறீர்கள்.

சரி, அளவு. என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். இடுப்பு என்றால் பேண்ட் பெல்ட் நிற்கும் இடம் அல்ல, அதற்குக் கீழே ஷாப்ஸ் உட்காரும் இடம். தொடையில் பருத்த இடம், தொடை நடு, முழங்காலுக்கு மேல், கெண்டைக்கால், வெளிப்பக்க நீளம், உள்பக்க நீளம் எல்லாம் வேண்டும். சவாரிக்குப் போடும் ஜீன்ஸும் பூட்ஸும் போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும். நின்றபடி ஒருமுறை, சேணத்தில் உட்கார வைத்து ஒருமுறை. உட்கார்ந்தால் தொடை பருக்கும், முழங்கால் மடங்கும், கீழ் ஓரம் மேலே ஏறும். ஷாட்கன் என்றால் இன்னொன்றும் உண்டு. புதுத் தோல் பழகப் பழக முழங்காலுக்குப் பின்னால் சுருக்கம் விழுந்து, நீளம் ஓர் அங்குலம் போலக் குறையும். அதனால் புதிதில் நிற்கும்போது கொஞ்சம் நீளமாகத் தெரிவதுதான் சரி. 'பெரிதாக இருக்கிறதே' என்பவரிடம் ஒரு பருவம் ஓட்டிவிட்டு வரச் சொல்வார் எங்கள் சேணக்காரர்.

அளவை முதலில் பழைய போர்வையில் வெட்டிக் காலில் கட்டிப் பாருங்கள். திருப்தியான பிறகு அட்டை, அப்புறம்தான் தோல். முழு நீள ஷாப்ஸுக்கு வழக்கமாகக் காலுக்கு ஒரு பாதித் தோல் என்று இரண்டு பாதி ஆகும். அட்டையை இரண்டாவது காலுக்குத் திருப்பிப் போட வேண்டும், இல்லையென்றால் இரண்டும் இடது காலாகிவிடும். மாட்டின் வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும். அதை இடுப்புப் பட்டைக்கோ ஜிப் வரும் ஓரத்துக்கோ கொடுக்காதீர்கள்.

தையலைப் பொறுத்தவரை, கால் பகுதியைக் கனரக இயந்திரத்தில் தைப்பதில் எந்தக் குறையும் இல்லை. சேணம், குதிரையின் தலையில் மாட்டும் ஹெட்ஸ்டால், ஸ்பரைப் பூட்ஸோடு பிடித்துக் கட்டும் ஸ்பர் வார் போன்ற கனத்த தோலுக்கு இரண்டு ஊசித் தையல் தெரிந்திருக்க வேண்டும். மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி. குத்தூசியால் துளை போட்டு, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் ஊசியை எதிரெதிராக விட்டு இழுப்பது. எங்காவது நூல் தேய்ந்து அறுந்தால் அந்த ஒரு தையல்தான் போகும், பக்கத்திலிருப்பது பிடித்துக்கொண்டு நிற்கும்.

பூ வேலைக்கு வருவோம். வயோமிங்கில் ஷெரிடன் என்று ஒரு சின்ன ஊர். கொடிகளை வட்டம் வட்டமாகச் சுழலவிட்டு, நடுவில் காட்டு ரோஜாக்களை நெருக்கமாக வைக்கும் பாணிக்கு அந்த ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. அதை உருவாக்கியதில் முதன்மையானவர் டான் கிங். 1991இல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது பெற்றவர். இந்த வேலையின் சூட்சுமம் கத்தியில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. தோலை நனைத்து, பையில் சுற்றி ஓர் இரவு வைக்க வேண்டும். காலையில் எடுத்தால் நிறம் காய்ந்த தோலின் நிறத்துக்குத் திரும்பத் தொடங்கியிருக்கும். ஆனால் கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருக்கும். அதுதான் பதம். ஈரம் அதிகமானால் அடித்த தடம் குழைந்து மங்கிவிடும், குறைந்தால் கத்தி இழுக்கும். பதத்தில் இருக்கும்போது சுழல்கத்தியால் கோடு போட்டு, கோட்டின் ஒரு பக்கத்தை அச்சால் தட்டித் தாழ்த்தினால், மறுபக்கத்து இதழ் தானாக எழுந்து நிற்கிற மாதிரி தெரியும். அந்த இடத்தில் விளிம்பு லேசாகக் கருத்து வரும். சாயமே தேவையில்லை.

தொடங்குகிறவர் ஒரு ஜோடி ஸ்பர் வாரில் தொடங்குங்கள். உள்ளங்கை அளவு வேலை. ஆனால் வெட்டு, ஓரம் மழிப்பது, பூ, தையல், இடது வலது பொருத்தம் எல்லாம் அதில் வந்துவிடும். அப்புறம் சிங்க்ஸ். சேணத்துக்கு அவசரப்பட வேண்டாம். அதன் உள்ளே பச்சைத்தோல் போர்த்திய மரச்சட்டம் இருக்கிறது. அது குதிரையின் முதுகுக்குப் பொருந்தாவிட்டால் மேலே எவ்வளவு அழகாகச் செய்தாலும் புண் குதிரைக்குத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறீர்கள் என்றால், தோலுக்கு அலைய வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் குரோம் தோல் தாராளமாகக் கிடைக்கும். பூ வேலைக்குப் பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் என்று கேளுங்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் முறை அங்கே பழையது. 3 மி.மீ.க்குக் குறையாமல், சாயமும் மேல்பூச்சும் இல்லாததாக வேண்டும். வாங்கும் முன் ஒரு துண்டை நனைத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் நின்றால் வாங்கலாம்.