பழைய கணப்படுப்பை மாற்றப் போகிறீர்களா? கேள்வி பதில்

நுவரெலியாவிலிருந்து: அண்ணே, பழைய பங்களா ஒன்றைத் திருத்துகிறோம். கணப்பை மூட்டினால் புகை அறைக்குள்தான் வருகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டட்டுமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் டோர்ச் அடித்துப் புகைக்கூண்டுக்குள் பாருங்கள். பறவைக்கூடு, உதிர்ந்த செங்கல், கரிப்படை எதுவும் அடைத்திருக்கலாம். கூண்டு சுத்தமென்றால் அடுப்பின் வாயை அளந்து பாருங்கள். 36 அங்குல அகலம், 28 அங்குல உயரம் என்றால் பரப்பு 1008 சதுர அங்குலம். கூண்டின் உட்பரப்பு அதில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும், அதாவது 100க்கு மேல். 9 அங்குலச் சதுரக் கூண்டில் 81தான் கிடைக்கும். புகை திரும்பத்தானே செய்யும்!

இதற்குக் கூண்டை இடிக்கத் தேவையில்லை, வாயைச் சிறிதாக்கினால் போதும். நெருப்பு எரியும்போது ஒரு தகரத்தை வாயின் மேல்விளிம்பில் பிடித்து மெல்லக் கீழிறக்குங்கள். புகை வெளியே வருவது நிற்கும் இடத்தில் சுவரில் கோடு போடுங்கள். மேலே சொன்ன அளவுக்கு அந்தக் கோடு அடுப்பின் தரையிலிருந்து 22 அங்குலத்தை ஒட்டி வரும். அங்கே தடித்த இரும்புத் தகட்டைப் பொருத்துங்கள்.

நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தைவிடக் காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிவு, அதனால் கூண்டு புகையை மேலே இழுக்கும் இழுவையும் குறைவு. கூண்டு கூரைக்கு மேல் 3 அடியும், 10 அடித் தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடியும் உயர்ந்து நிற்பது குறைந்தபட்ச அளவு. உங்கள் ஊரில் இன்னும் கொஞ்சம் உயர்த்துவதே நல்லது.

ஹட்டனிலிருந்து: கணப்பின் உள்ளேயும் சாதாரணச் சீமெந்தில் கட்டலாம் என்கிறார் மேசன்.

வெளிச்சுவருக்குச் சரி, நெருப்பு படும் இடத்துக்குக் கூடவே கூடாது. சூட்டில் சீமெந்து தன்னுள் பிணைந்த நீரை இழந்து பொடியாகிவிடும். தீச்செங்கலும் சூடு தாங்கும் சாந்தும் வாங்குங்கள். இணைப்பு கால் அங்குலத்துக்கு மேல் தடிக்கக் கூடாது. கட்டி ஒரு மாதம் காயவிட்டு, முதல் சில நாள் சுள்ளி நெருப்பு மட்டும் போடுங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து: இரும்பு ஸ்டவ் வாங்கியிருக்கிறோம். அதன் குழாயைப் பழைய கூண்டுக்குள் இரண்டு அடி விட்டால் போதுமா?

போதாது அக்கா. அகலமான குளிர்ந்த கூண்டுக்குள் புகை ஆறி, தாராகச் சுவரில் படியும். ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும். ஸ்டவ்வின் புகைவாய் அளவுக்கே துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உச்சிவரை கொண்டு போங்கள். அறைக்குள் வெறும் ஒற்றைத் தகரக் குழாய் என்றால் மரச்சாமான், பலகைச் சுவர் எதுவும் 18 அங்குலத்துக்குள் இருக்கக் கூடாது. பலகைத் தரையானால் ஸ்டவ்வுக்கு அடியிலும், முன்னால் 16 அங்குலம், பக்கங்களில் 8 அங்குலம் வரையிலும் எரியாத தளம் போடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: கூரை அஸ்பெஸ்டஸ். குழாய்க்குத் துளை போடலாமா?

கிரைண்டர் வைக்கவே வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். தகட்டை நனைத்து, முகக்கவசத்தோடு ஆணியைக் கழற்றி முழுசாக இறக்குங்கள். அந்த இடத்தில் இரும்புக் கூரைத்தகடு போட்டு அதில் துளையிடுங்கள். சூடான குழாய் பக்கத்து அஸ்பெஸ்டஸில் படக் கூடாது. சூடேறினால் அது வெடித்துச் சிதறும்.

வெலிமடையிலிருந்து: எங்களுக்குக் கணப்பே வேண்டாம். கீழ்ச்சுவரை மட்டும் எடுத்துவிடலாமா?

கூடாது. மேலே நிற்கும் கூண்டின் பாரம் முழுக்க அதன்மேல்தான். உச்சியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக இறக்கி வாருங்கள்.

தலவாக்கலையிலிருந்து: யூகலிப்டஸ் விறகு எவ்வளவு நாள் காய வேண்டும்?

பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கி ஒரு வருஷம். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் எரிக்கலாம். ‘தொப்’ என்றால் மறுபடி அடுக்கி வையுங்கள்.